நின்று நின்று போகும் பயணமும் நிற்கத் தெரியாத வண்டியும்

உடைந்த கிளட்ச் லீவரை மாற்றி என் மோட்டார் சைக்கிளை எடுத்துவந்த மறுநாள், காட்பாடி நண்பர் ஒருவர், தனியாகப் பழைய கோயில்களையும் கோட்டைகளையும் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சுற்றுவதற்கு இந்த 350 சிசி வண்டி சரிப்படுமா என்று கேட்டார். விலையும் மைலேஜும் அவருக்கே தெரியும். ஆண்டுக்கணக்கில் ஓட்டிய பிறகே புலப்படும் ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது: சைடு ஸ்டாண்டு.

வண்டிக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூரிலிருந்து திருவல்லம் போய், பொன்னையாற்றை ஒட்டி மேல்பாடி, வள்ளிமலை, அங்கிருந்து சோளிங்கர், மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், ஆற்காடு என்று வளைந்து திரும்பும் பாதையில், 40 கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவது கியரில் திணறாமல் போகும் இஞ்சின் இது. ஏரிக்கரையில் மாடுகள் குறுக்கிட்டாலும் பதறாமல் வேகம் தணிந்து, மீண்டும் மெல்ல இழுத்துக்கொள்ளும். நாள் முழுவதும் ஓட்டிய பிறகும் முதுகு வலிப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போகிறவருக்கு இதைவிட இதமான ஓட்டம் கிடைப்பது அரிது.

ஆனால் நிறுத்த வேண்டுமே! ஸ்டாண்டின் அடித்தகடு ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அத்தனை எடையும் அதன்மேல்தான் இறங்குகிறது. வேலூர்க் கோட்டையிலும், 1751 முற்றுகையைக் கண்ட ஆற்காட்டுக் கோட்டையில் எஞ்சியுள்ள டெல்லி கேட்டிலும் கெட்டித் தரை கிடைப்பதால் தொல்லையில்லை. மேல்பாடியின் ஆற்றோர மண் அப்படிப்பட்டதன்று. அங்கே ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னனின் நினைவாக எழுப்பிய கோயில், இருக்கிறது. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்ட சோழ இளவரசன் ராஜாதித்தனின் தம்பி இந்த அரிஞ்சயன். சுவரிலுள்ள கல்வெட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. லீவர் முனையோடு முறிந்தது, கண்ணாடி திரும்பிக்கொண்டது. வலப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டை முன்பே விரித்துவைத்துவிட்டுத் தூக்கலாம். இடப்பக்கம் விழுந்தால் ஸ்டாண்டு வண்டிக்கு அடியில் கிடக்கிறது. சீட்டில் முதுகைக் கொடுத்து, காலால் உந்தி, ஒற்றை ஆளாக நிமிர்த்தி, மறுபடியும் அதே மண்ணில் அதே ஸ்டாண்டை நம்பித்தான் நிறுத்த வேண்டும்.

மகேந்திரவாடியில் இதன் உண்மையான நட்டம் தெரிந்தது. தனித்து நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்கு அமைத்த குடைவரைக் கோயில் அது. மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எண்பட்டையாகவும் செதுக்கிய தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், என் பார்வை திரும்பத் திரும்ப வண்டியிடமே போயிற்று. நின்று பார்ப்பதற்காகவே வாங்கிய வண்டியால் நிம்மதியாக நின்று பார்க்க முடியவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத குறை.

சர்வீஸில் கேட்டதற்கு, "எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்றார்கள். பட்டறை ஒன்றில் அகலமான தகட்டை வெல்டிங் வைத்துக்கொண்டேன். புதைவது நின்றது, ஆனால் தகட்டின் தடிமனால் வண்டி முன்பைவிட நிமிர்ந்து நிற்பதால், சரிவான இடத்தில் இப்போது வலப்பக்கம் கவிழுமோ என்ற பயம். மெயின் ஸ்டாண்டு போடலாமே என்பவர்கள், இளகிய மண்ணில் இந்த எடையை ஒருமுறை ஏற்றிப் பார்க்கட்டும். இவ்வளவு நல்ல இஞ்சினைச் செய்தவர்கள் கையகலத் தகட்டில் கஞ்சம் பிடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். எடை குறைந்த 125 சிசி வண்டி ஒன்றைப் பாருங்கள். இஞ்சின் மனத்துக்குப் பிடித்துப்போய், இதைத்தான் வாங்குவேன் என்றால், ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது நேரே ஒரு மண் தரைக்குப் போய் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கால் மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.