இருபது அடி கன்டெய்னர்: பெட்டியில் குறையில்லை, பாதையை விசாரியுங்கள்

பல ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். இருபது அடி கன்டெய்னரை ஒரு பொருளாகவே எடுத்துக்கொண்டு மதிப்புரை எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. ஏற்றுமதியில் புதிதாக இறங்குகிறவர்கள் அதன் அளவையும் வாடகையையும் தீர விசாரிக்கிறார்கள். அது தங்கள் கிடங்கு வாசல்வரை வந்து திரும்ப முடியுமா என்பதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

முதலில் பெட்டி. நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர், உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம். நெளிவு நெளிவான எஃகுச் சுவர்களைப் பார்த்து அவைதான் பாரம் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது முழுப் பாரமும் நான்கு மூலைத் தூண்களில்தான் இறங்குகிறது. அந்தத் தூண்களின் மேலும் கீழுமாக எட்டு வார்ப்பு எஃகுக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நீள்வட்டத் துளைகள். கிரேன் தூக்குவதும் இந்தத் துளைகளைப் பிடித்துத்தான், டிரெய்லரிலும் சரக்கு ரயிலிலும் கப்பலிலும் பூட்டுவதும் இவற்றில்தான். இந்த அமைப்புக்கான காப்புரிமையைக் கட்டணமின்றி யாரும் பயன்படுத்தலாம் என்று, கன்டெய்னர் கப்பல் போக்குவரத்தைத் தொடங்கிய அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் விட்டுக்கொடுத்ததால்தான், எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டு கிரேனுக்கும் பொருந்துகிறது. என் கணக்கில் இந்தப் பொருளின் முதல் சிறப்பு இதுதான்.

காலிப் பெட்டி வந்ததும் நான் உள்ளே போய் நின்றுகொண்டு, கதவுகளை வெளியிலிருந்து சாத்தச் சொல்வேன். இருட்டு கண்ணுக்குப் பழகியதும் கூரையிலோ சுவரிலோ ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால்கூட அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வெளிச்சம் வருகிற வழியில் கடல்நீரும் வரும். கதவு ரப்பரை விரலால் அழுத்திப் பார்ப்பதும், தரைப் பலகையை முகர்ந்து முந்தைய சரக்கின் வாடையை அறிவதும் அடுத்த வேலை.

குறைகளும் இருக்கின்றன. உள் அகலம் 2.35 மீட்டர்தான் என்பதால், 1.2 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பியப் பேலட்டுகள் (சரக்கை அடுக்கும் மரத்தட்டுகள்) இரண்டை அகலவாக்கில் முனையோடு முனையாக வைக்க முடியாது. எப்படி மாற்றி அடுக்கினாலும் தரையில் 11 பேலட்டுகளுக்கு மேல் கொள்ளாது, மூலைகளில் இடம் வீணாகும். வெப்பமான இடத்தில் ஏற்றிய சரக்கு குளிர்ந்த கடலைக் கடக்கும்போது கூரையில் நீர் கோத்துச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடாமல் தானியமோ தோலோ அனுப்பக் கூடாது.

ஆனால் பெட்டியின் உண்மையான தரம் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. 1956 ஏப்ரல் 26 அன்று மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளுடன் புறப்பட்டபோது, ஒரு டன் சரக்கை ஏற்றும் செலவு, கையால் ஏற்றுவதற்கு ஆகும் செலவில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த லாபம் எல்லா ஊருக்கும் கிடைக்கவில்லை. பெட்டிகளைப் பரப்பிவைக்க அகன்ற நிலமும் ஆழமான நீரும் வேண்டியிருந்ததால், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இருந்த நெருக்கமான துறைகள் வெறிச்சோடின. வணிகம் எதிர்க்கரையில் நியூஜெர்சிக்குப் போனது. லண்டனின் ராயல் டாக்ஸ் 1981இல் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. கன்டெய்னர் வருவதற்கு முன் சிறிய துறையாக இருந்த ஃபீலிக்ஸ்டோ பிரிட்டனின் பெரிய கன்டெய்னர் துறைமுகமாக வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மூட்டை சுமந்த தொழிலாளர்களுக்கு இந்தப் பெட்டி என்ன செய்தது என்பதை மதிப்புரையில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க மேற்குக் கரைத் தொழிற்சங்கம் 1960இல் இயந்திரங்களை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக வேலைப் பாதுகாப்பும் ஓய்வுக்கால நிதியும் பெற்றது. அப்படிப் பேசி வாங்கும் வலு இல்லாத இடங்களில் வேலை மட்டுமே போயிற்று.

இன்றும் நிலைமை அதுதான். இருபது அடிப் பெட்டியின் மொத்த எடை வரம்பு பொதுவாக 30.48 டன். வழியில் ஒரு பழைய பாலம் அதைத் தாங்காது என்றால், துறைமுகத்திலேயே பெட்டியைப் பிரித்துச் சிறிய லாரிகளில் மாற்ற வேண்டும். அங்கே கைச்சுமையும் சேதமும் தாமதமும் திரும்பி வந்துவிடுகின்றன. அதைவிட நுட்பமான சிக்கல் காலிப் பெட்டி. இறக்குமதி மிகுந்த ஊரில் காலிப் பெட்டிகள் மலைபோல் கிடக்கும். ஏற்றுமதி மட்டுமே உள்ள உள்நாட்டுப் பகுதிக்கு ஒவ்வொரு பெட்டியையும் வெறுமையாக இழுத்து வர வேண்டும், அந்தச் செலவு முழுவதும் அங்குள்ள உற்பத்தியாளர் தலையில் விழும். ஒரே தரமுள்ள பொருளைச் செய்யும் இருவரில் ஒருவர் சந்தைக்குள் நிற்பதும் மற்றவர் வெளியே தள்ளப்படுவதும் பல நேரம் இதனால்தான்.

குளிரூட்டும் ரீஃபர் பெட்டியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அது ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் வைத்திருக்கும். சூடான சரக்கைக் குளிர வைப்பதற்காக அது செய்யப்படவில்லை. முன்குளிர்விக்கும் அறையும், தடையில்லா மின்சாரமும், பெட்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் போதிய மின் இணைப்புகளும் இல்லாத இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரணப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முன்பதிவு செய்வதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: காலிப் பெட்டி எந்த யார்டிலிருந்து வரும், வழியிலுள்ள பாலங்களின் எடை வரம்பு என்ன, உங்கள் வாசலில் டிரெய்லர் திரும்ப இடம் இருக்கிறதா.