எல்க் வேட்டைக்கு எந்தக் கத்தி: சில சீசன் சுமந்த பிறகு

மாற்று பிளேடு போடும் கத்தியா, பிளேடு (அலகு) பிடியோடு நிலையாகச் சேர்ந்த வழக்கமான ஒரே அலகுக் கத்தியா என்று கேட்டால், அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் சில சீசன் எல்க் மான் அறுத்த பிறகு நான் ஒரே அலகுக் கத்தி பக்கம் வந்துவிட்டேன்.

மாற்று பிளேடு மோசம் என்று சொல்லவில்லை. தோலுக்கும் கறிக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போகும், மழுங்கினால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம், தீட்டத் தெரியவே வேண்டாம், எடையும் சொற்பம். ஆனால் முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். வண்டி போகாத இடத்தில் அதை முழுசாக இழுத்துவர முடியாது, அதனால் வயிற்றைத் திறக்காமலே தோலை உரித்து, நாலு காலையும் பிரித்து, முதுகுக் கறியை எடுத்துப் பைகளில் சுமக்கிறோம். முன்னங்காலில் சிக்கல் இல்லை, அது எலும்பு மூட்டால் உடம்போடு சேரவில்லை, சதையை அறுத்தாலே கையோடு வந்துவிடும். பின்னங்காலுக்குத்தான் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்குள் முனையை விட்டு உள்ளே இருக்கும் நாரை அறுக்க வேண்டும். மெல்லிய பிளேடு அங்கே பக்கவாட்டில் வளையும். என்னுடையது அங்கேதான் உடைந்தது, ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் கறிக்குள் அந்தத் துண்டைத் தேடிய எரிச்சல் இன்னும் போகவில்லை. இதோடு பிளேடு கழற்ற ஒரு குறடு, பழையதைப் போட ஒரு டப்பா. எல்லாம் சேர்ந்தால் எடை மிச்சம் எங்கே?

இப்போது வைத்திருப்பது மூன்றரை அங்குல அலகு, எஸ்30வி என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகு, பிடி வெறும் சட்டம்தான், மேலே பாரகார்டு என்ற நைலான் கயிறு சுற்றி வந்தது. அந்தக் கயிறு ரத்தத்தைக் குடித்து நாறியதால் கழற்றி எறிந்துவிட்டு ஆரஞ்சு டேப் சுற்றியிருக்கிறேன், புல்லில் வைத்தாலும் கண்ணில் படும். பிடி ஒல்லி என்பதால் வேலை நீண்டால் உள்ளங்கை வலிக்கும், விடிகாலைக் குளிரில் கேட்கவே வேண்டாம். கூர் நன்றாக நிற்கிறது. ஆனால் இந்த எஃகில் அதைக் கடினமாக்கும் வனேடியம் என்ற உலோகம் அதிகம், சாதாரணக் கல்லில் தீட்டினால் பொழுது போய்விடும், விரல் நீளத்தில் ஒரு வைரத் தகடு பையில் இருக்கட்டும். கூரைச் சீக்கிரம் கெடுப்பது மண் படிந்த முடிதான், அதனால் தோலில் சின்னதாகக் கீறி, அலகின் கூர்ப்பக்கத்தை மேலே திருப்பி உள்ளிருந்து வெளியே அறுங்கள்.

வயிற்றைக் கிழித்துத் திறப்பதற்கான குடல் கொக்கி வைத்த கத்தி இந்த முறைக்கு வீண். ரம்பமும் வேண்டாம், எலும்பை அறுக்காமலே எல்லாம் பிரிகிறது. போதாததற்கு மான்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் 1967இல் முதலில் தென்பட்டதே கொலராடோவில்தான், அது அதிகம் தங்கும் மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாமல் விடுவதே நல்லது.

முதல் தடவை போகிறவர்கள் என்னுடையது மாதிரிக் கத்திக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஸ்வீடனின் மோரா கம்பேனியன் கத்தி போதும், விலை மலிவு, 104 மிமீ அலகு, பிடியும் என்னுடையதைவிட வசதி. துருப்பிடிக்காத எஃகில் வருவதை எடுங்கள், கார்பன் எஃகில் ரத்தம் பட்டால் காலைக்குள் துரு ஏறிவிடும்.