மாட்டை அவிழ்த்துவிடுவதா, புல்லை அறுத்துப்போடுவதா?

குமரி மாவட்டத் தக்கலைப் பக்கத்துத் தென்னை விளை ஒன்றில் இரண்டையும் பார்த்துவிட்டேன். ஒரு பாதியில் பசு மேய்கிறது. மறு பாதியில் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல், 45 நாளுக்கு ஓர் அறுப்பு.

தீவனக் கணக்கில் நேப்பியரை மிஞ்ச ஆளில்லை. மண்ணுக்குள் கணக்கு வேறு. அறுத்த புல்லோடு தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்தெல்லாம் தொழுவத்துக்குப் போய்விடுகின்றன. ஈடுகட்ட யூரியா போடுகிறோம். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகும்போது அமிலமும் சேர்கிறது. நம் சரளை மண்ணோ ஏற்கெனவே புளிப்பேறியது. உரம் அளவு மீறினால், மணிச்சத்தை வேருக்கு எடுத்துத் தரும் வேர் உட்பூசணம் நலிந்துவிடும்.

மேயும் பாதியில் காய்ந்த சாணியைப் புரட்டினேன்: அடியில் வண்டுத் துளைகள், வெள்ளை நூலாய்ப் பூஞ்சை இழைகள். சாணி விழுந்த இடத்தில் நுண்ணுயிர்களுக்கு விருந்துதான். ஆனால் ஆனி மழையில் மாட்டை விட்டால் குளம்பு மண்ணை இறுக்கிவிடும். காற்று நுழையாது, தழைச்சத்து வாயுவாகப் பறக்கும். மாட்டைக் கட்டும் முளைக்குச்சியை அடிக்கடி இடம் மாற்றும் பொறுமை வேண்டும் (எனக்கு அது குறைவு).

இருந்தும் என் ஓட்டு மேய்ச்சலுக்கே. நேப்பியரை விட மனமில்லாதவர்கள் தொழுவ எருவையாவது அதே பாத்திக்குத் திருப்பட்டும். யூரியா மூட்டையை அதற்குப் பிறகு பிரிக்கலாம்.