தோட்டத்து வீட்டில் வெயிலில் ஓடும் ஸ்கூட்டர்: மூன்று வருட அனுபவம்

உடுமலைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இ.பி. இணைப்பு இல்லை. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வருகிறது. ஆனால் அதிலிருந்து வீட்டுக்கோ வண்டிக்கோ ஒயர் இழுக்கக் கூடாது. அதனால் வீடு கட்டும்போதே ஆஃப்-கிரிட், அதாவது இ.பி. லைனோடு சேராத சோலார் போட்டுவிட்டோம். 540 வாட் பேனல் நான்கு, 48 வோல்ட் 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், 150 ஏ.எச். டியூபுலர் (ஈய-அமில) பேட்டரி நான்கு. பிறகு மின்சார ஸ்கூட்டர் வாங்கி, அதையும் இதிலேயே சார்ஜ் செய்து மூன்று வருடம் ஆகிறது.

வண்டியின் பேட்டரி 3.7 யூனிட் கொள்ளும். சார்ஜர் 750 வாட் இழுக்கும். தினமும் 35 கிலோமீட்டர் போல ஓட்டுகிறேன். அதற்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, நேரக் கணக்கில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கிறது.

முதல் வருடம் நான் செய்த தவறு, ஃபோனைப் போடுவதுபோல வண்டியையும் ராத்திரியில் சார்ஜ் போட்டது. பகலில் டியூபுலரில் சேர்ந்த கரன்ட், இன்வெர்ட்டர் வழியாக சார்ஜருக்கு வந்து மறுபடி வண்டியின் பேட்டரிக்குப் போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் வீணாகும். ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடுகிற வீட்டில் விடியும்போது பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். டியூபுலர் பேட்டரிக்கு அது ஆகவே ஆகாது. இரண்டாவது கோடையில் ஒன்று செத்தது. வரிசையில் ஒன்று போனால் மற்ற மூன்றையும் அது இழுத்துவிடும். கடைசியில் நான்கையும் கொடுத்துவிட்டு 48 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி ஒன்று வைத்தேன். மாற்றுகிறவர்கள் இன்வெர்ட்டரில் சார்ஜிங் வோல்டேஜ் செட்டிங்கையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் இந்த அமைப்பின் அருமை புரிந்தது. நல்ல வெயில் நாளில் 11 மணிக்கெல்லாம் வீட்டு பேட்டரி நிரம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு பேனல் தரக்கூடிய கரன்ட்டுக்குப் போக இடமில்லை. இ.பி. இணைப்பும் நெட் மீட்டரும் உள்ள வீடு என்றால் மிச்சம் இ.பி. லைனுக்குப் போகும், எங்களுக்கு அந்த வழி கிடையாது. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, உடுமலை வேலைகளை முடித்து 10 மணிக்குத் திரும்புகிறேன். வண்டி சூடு ஆறியதும் 11 மணிக்குப் போட்டால் ஒன்றரைக்குள் நிறைந்துவிடும். அதாவது, வீணாகப் போயிருக்கும் வெயிலில்தான் வண்டி ஓடுகிறது. பெட்ரோல் வண்டியில் இந்தத் தூரத்துக்கு முக்கால் லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எர்த் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஆரம்பத்தில் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். இ.பி. உள்ள மச்சான் வீட்டில் போட்டால் நன்றாக ஏறும். சார்ஜரே கெட்டுவிட்டது என்று சர்வீஸில் சொன்னார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன்தான் கண்டுபிடித்தார்: பேட்டரியில் ஓடும்போது எங்கள் இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தனியாக நிற்கிறது, எர்த் இல்லை என்று சார்ஜர் நினைத்துக்கொள்கிறது. ஓர் இடத்தில் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டுக் கொடுத்தார். இ.பி. லைனும் உள்ளே வருகிற வீடுகளில் இதைச் சொந்தமாகச் செய்யாதீர்கள். இணைப்பு இரண்டு இடத்தில் ஆகிவிட்டால் ஆபத்து.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் மறைந்தால் சார்ஜர் வீட்டு பேட்டரியிலிருந்து இழுக்க ஆரம்பித்துவிடும். "ஏனுங்க, மேகம் மூடிக்கிச்சு, வண்டியக் கழட்டிடட்டுங்களா?" என்று வீட்டுக்காரம்மா குரல் கொடுப்பார். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல வெயில் இல்லாவிட்டால் மச்சான் வீட்டு ப்ளக்தான் கதி.

போர்த் தண்ணீரில் பேனலைக் கழுவினால் வெள்ளையாக உப்புப் படிகிறது. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, விடியற்காலையில் துடைக்கிறேன். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 45 வாட் தின்கிறது. ஒரு நாளைக்கு அதுவே ஒரு யூனிட், இதை விற்றவர் யாரும் சொல்லவில்லை.

கார் சார்ஜ் செய்யலாமா என்று கேட்கிறார்கள். இந்த அளவில் முடியாது. சாதாரண 15 ஆம்ப் ப்ளக்கிலேயே கார் 3 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். அதற்கு இன்வெர்ட்டரும் பேனலும் குறைந்தது இரண்டு மடங்காவது வேண்டும்.

தை பிறந்ததும் மேற்கு பார்த்து இரண்டு பேனல் சேர்க்கப் போகிறேன். சில நாள் சந்தைக்குப் போய்விட்டு 3 மணிக்குத்தான் வருகிறேன், சாயங்கால வெயிலையும் பிடிக்க வேண்டும். திசை வேறு என்பதால் பழைய வரிசையோடு சேர்க்காமல் பேனல் கரன்ட்டை பேட்டரிக்கு ஏற்றபடி கொடுக்கும் கன்ட்ரோலரைத் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறார் எலக்ட்ரீஷியன்.