ராமநாதபுரம் கடற்கரையில் விடுதி வாழ்க்கை: எந்தச் சாமான் தாங்கும், எது தாங்காது

கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கம் கல்லூரி விடுதியில் சேரும் பிள்ளைக்கு, கடலோரம் இல்லாத ஊரில் சேரும் பிள்ளைக்கு வாங்குகிற அதே சாமான்களை வாங்கிக் கொடுத்தால் பாதி முதல் மழைக்காலத்திலேயே பாழாகிவிடும். படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும்போது எது குப்பைக்குப் போகிறது, எது வீட்டுக்குத் திரும்புகிறது என்று கவனித்தால் விஷயம் புரியும். விலை கூடிய பொருளும் போகிறது, மலிவான பொருளும் நிற்கிறது. அதில் இரும்பு எங்கே இருக்கிறது, நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் ஒவ்வொரு சாமானிடமும் கேட்டு வாங்குங்கள்.

உப்புக்காற்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கடல் திவலையில் சமையல் உப்போடு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் சமையல் உப்பு கசியும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். இந்தக் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே உப்புப் படிந்த பூட்டும் கத்தரிக்கோலும் உச்சி வெயிலிலும் ஈரமாகத்தான் இருக்கின்றன, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை என்று வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும்.

விடுதி எந்தக் கடலைப் பார்த்து இருக்கிறது என்பதும் முக்கியம். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மன்னார் வளைகுடா. அங்கே தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், தெற்கு ஜன்னல் வழியாக உப்பு உள்ளே வரும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் பாக் விரிகுடா. அங்கே வாடைக்காற்றுக் காலமான அக்டோபருக்குப் பிறகுதான் வடக்கு, கிழக்கு ஜன்னல்கள் தொல்லை தரும். சேர்கிற நாளிலேயே கட்டிலைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், காற்றுக்கு நேரான ஜன்னலடியை விட்டுவிடுங்கள். முதல் நாள் காற்று சுகமாகத்தான் இருக்கும். புத்தகமும் மடிக்கணினியும் அங்கே இருக்கக் கூடாது.

பெட்டியும் பூட்டும்

தகர டிரங்குப் பெட்டியை இன்னும் பல வீடுகளில் வாங்குகிறார்கள். பூச்சு இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். அது முதலில் உடைவது அடிப்பக்க மூலைகளில். தரையைக் கழுவுகிற தண்ணீர் அங்கே போய் நிற்கும், துரு உள்பக்கம் வந்து அடியில் வைத்த வெள்ளைச் சட்டையில் கறை ஏற்றும். டிரங்குதான் வேண்டும் என்றால், அடியில் இரண்டு மரச்சட்டம் அல்லது செங்கல் கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். உள்ளே அடியில் கனமான பாலித்தீன் விரிப்பு போடுங்கள். மூடி இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டி, 50 லிட்டர் அளவில் ஒன்று, இதைவிட நல்ல தேர்வு. சக்கரப் பெட்டியில் முதலில் போவது சக்கரம்தான். மணலும் உப்பும் அச்சில் புகுந்து இறுகிவிடும். ஊருக்குப் போய்வர மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஜிப் வைத்த பை வாங்கும்போது உலோகப் பற்கள் உள்ளதை ஒதுக்குங்கள். நைலான் சுருள் ஜிப் துருப்பிடிக்காது. இழுக்கும் பிடி மட்டும் இறுகினால் மெழுகுவர்த்தியை இரண்டு பக்கமும் தேய்த்தால் சரியாகிவிடும்.

பூட்டு வாங்க அவசரப்படாதீர்கள். அலமாரியின் நாதாங்கித் துளையைப் பார்த்த பிறகு வாங்குங்கள். 50 மில்லிமீட்டர் பூட்டின் வளையம் பல அலமாரிகளில் நுழைவதில்லை. பித்தளை உடம்பு, துருப்பிடிக்காத எஃகு வளையம், இந்தச் சேர்க்கைதான் இங்கே நிற்கும். குரோம் பூசிய இரும்பு வளையத்தில் பூச்சு உரிந்த இடத்திலிருந்து துரு இறங்கிப் பூட்டின் வாயை அடைக்கும். திறக்க மறுத்தால் பலரும் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அன்றைக்குத் திறக்கும், பிறகு மணல் தூசி எண்ணெயில் ஒட்டிப் பிசினாகி நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு நான்கைந்து முறை திருப்புங்கள். அந்தக் கரித்தூள் தூசியைப் பிடிக்காது. மாதம் ஒருமுறை இதைச் செய்தால் பூட்டு படிப்பு முடியும்வரை வரும்.

தண்ணீர்

ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் தனி, புழங்க உப்புத் தண்ணீர் தனி. குடிநீர் பெரும்பாலும் காவிரிக் கூட்டுக் குடிநீரோ சுத்திகரித்த கேன் தண்ணீரோ ஆக இருக்கும். குளிப்பதும் துவைப்பதும் ஆழ்துளைக் கிணற்று நீரில். ஆகவே சாதாரண வாளி ஒன்று போதாது. 18 அல்லது 20 லிட்டர் வாளி ஒன்று புழங்க, மூடி போட்ட 5 லிட்டர் கேன் ஒன்று நல்ல தண்ணீருக்கு. வாளிக்குக் கைப்பிடியும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கம்பிக் கைப்பிடி துருப்பிடித்து, நிறைந்த வாளியோடு படியேறும்போது காதிலிருந்து கழன்றுவிடும்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததற்குக் காரணம் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். சோப்பின் கொழுப்பு அவற்றோடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகப் பிரிந்து துணியிலும் தலைமுடியிலும் படிகிறது. கூடுதலாகச் சோப்புப் போட்டால் படிவும் கூடும், வேறு பலன் இல்லை. துவைக்கும் கட்டிச் சோப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு டிடர்ஜென்ட் பவுடரோ திரவமோ கொண்டு போங்கள். அரை வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் கடினம் குறையும். அதற்குப் பிறகு பவுடரைப் போட்டுத் துணியை ஊற வைத்தால் அழுக்கு விடும். கம்பளியையும் பட்டையும் சோடாவில் நனைக்காதீர்கள், கையிலும் அதிக நேரம் படக் கூடாது. வெள்ளைச் சட்டைக்கு மட்டும் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்தால் மஞ்சளிப்பது தள்ளிப்போகும்.

தலைக்குக் குளிக்கும்போதும் இதே வழி. கடைசி இரண்டு செம்பு நல்ல தண்ணீராக இருக்கட்டும். அதில் அரை எலுமிச்சையைப் பிழிந்து ஊற்றினால் படிந்த திப்பி இளகும். சேர்ந்த முதல் மாதத்தில் முடி கொட்டுகிறது என்று புலம்புகிறவர்கள் பலர். அதில் ஒரு பங்கு, முடி சிக்குப்பிடித்துச் சீவும்போது அறுந்து போவதுதான். அகலப் பல் சீப்பு ஒன்று அவசியம்.

தட்டு, டம்ளர் வாங்கும்போது 304 தர எவர்சில்வரா என்று கேளுங்கள். மலிவான 202 தரத்தில் உப்புத் தண்ணீர் தேங்கிய இடத்தில் பழுப்புப் புள்ளி விழும், தேய்த்தால் போகும், மறுபடி வரும். எந்தத் தரமானாலும் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெள்ளைப் படிவு ஏறினால் எலுமிச்சைத் தோலோ புளியோ போதும்.

படுக்கை

பெரும்பாலான விடுதிக் கட்டில்கள் இரும்பு. 6 அடிக்கு 3 அடி அளவு என்று நினைத்துப் போய், கட்டில் 2½ அடியாக இருந்து மெத்தை தொங்குவது வழக்கமாக நடக்கும். முதல் இரவுக்குப் பாய் கொண்டு போய், அளந்த பிறகு மெத்தை வாங்குவது நல்லது. இலவம்பஞ்சு மெத்தை வெயிலில் போட மொட்டைமாடி இருந்தால் மட்டும் சரி. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கட்டிதட்டிவிடும். ஃபோம் மெத்தையின் மேல்பக்கம் சுத்தமாகவே இருக்கும், அடிப்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். இரண்டு அங்குலத் தேங்காய் நார் மெத்தையில் காற்றுப் போகிறது, ஆகவே இங்கே அதுதான் எங்கள் பரிந்துரை. மெத்தைக்கும் கட்டில் தகட்டுக்கும் நடுவே பின்னல் பிளாஸ்டிக் பாய் ஒன்றை விரித்தால் துருக்கறை ஏறாது. எந்த மெத்தையானாலும் வாரம் ஒருநாள் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மெத்தை வேண்டவே வேண்டாம். கோரைப்பாய் போதும்.

கொசுவலை கட்டாயம். காற்று பலமாக வீசும் மாதங்களில் கொசு தெரியாது. காற்று விழுந்து மழை தொடங்கும்போது மொத்தமாக வரும், அப்போது கடையில் தேடினால் சரியான அளவு கிடைக்காது. பருத்தி வலை நாற்றமடிக்கும், பாலியஸ்டர் வலை சீக்கிரம் காயும். வலையோடு வருகிற கம்பிச் சட்டத்தைத் தவிர்த்து, அரை அங்குல பிவிசி குழாய் நான்கை ஐந்தடி நீளத்தில் வெட்டிக் கட்டில் கால்களில் நைலான் கயிற்றால் கட்டினால் போதும்.

துணிமணி

ஏழு செட் போதும், அதற்கு மேல் அலமாரியில் நெருக்கினால் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம்தான் வளரும். ஜீன்ஸ் இரண்டைத் தாண்ட வேண்டாம், வாடைக்காற்று மழையில் காய இரண்டு நாளைக்கு மேல் ஆகும். டர்க்கி டவல் ஒன்றுகூட வேண்டாம். ஈரிழைத் துண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளாடை மட்டும் பத்து வரை தாராளமாக. ஈரம் காயாத உள்ளாடை படர்தாமரை வளர இடம் கொடுக்கும், விடுதியில் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். வந்துவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கியது போலத் தோன்றி, படை பெரிதாகும். துண்டையும் சோப்பையும் யாரோடும் பகிராதீர்கள்.

துணிக் கிளிப்பின் உள்ளே இருக்கும் சிறு கம்பிச்சுருளை யாரும் கவனிப்பதில்லை. அந்தத் துருக்கறை வெள்ளைச் சட்டையின் தோளில் இரண்டு கோடாக விழும், போகாது. சுருள் இல்லாத ஒற்றைத் துண்டு பிளாஸ்டிக் கிளிப் இரண்டு டஜன் வாங்குங்கள். காற்று பலமாதலால் ஒரு சட்டைக்கு மூன்று கிளிப் வேண்டியிருக்கும். கொடிக்கு நைலான் கயிறு 5 மீட்டர்.

குடையை நம்ப வேண்டாம், இந்தக் காற்று புரட்டிவிடும். மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். தோல் காலணிக்குள் மழைக்காலத்தில் நாளிதழைத் திணித்து வைத்து, நாளிதழை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அழுக்குத் துணி போட இங்கேயே கிடைக்கும் பனைநார்ப் பெட்டி அருமையான பொருள். காற்றுப் புகுவதால் துணி புழுங்காது. ஈரத்துணியை மட்டும் அதில் போடாதீர்கள்.

மின்சாமான்

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, 3 மீட்டர் வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான விடுதிகளில் தடை என்பது ஒருபக்கம். உப்புப் படிந்த பிளக்கில் தொடர்பு தளர்ந்து, அதிக மின்சாரம் இழுக்கும்போது சூடேறி உருகுவதுதான் உண்மையான ஆபத்து. பிளக் முனையில் பச்சை பூத்தால் சுவிட்சை அணைத்து, கழற்றி, தேய்த்துத் துடைத்த பிறகே சொருகுங்கள்.

செல்போன் சார்ஜர் கேபிள் இரண்டு வேண்டும். வியர்வைக் கையோடு சொருகிச் சார்ஜ் போடும்போது, ஈரமும் உப்பும் மின்சாரமும் சேர்ந்து முனையின் பூச்சை அரித்துவிடுகின்றன. முனையைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிய பாட்டில் ஒன்றும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் இருந்தால் கேபிளின் ஆயுள் கூடும். மடிக்கணினியை வேலை முடிந்ததும் உறையில் போட்டு, மூடும் பெட்டியில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற மணிகளை வாங்கினால் பச்சையானதும் ஈரம் நிறைந்தது என்று தெரிந்துவிடும். வெயிலில் காய வைத்தால் முழுதாக மீளாது. ஊருக்குப் போகும்போது கொண்டுபோய், பழைய வாணலியில் இளஞ்சூட்டில் மறுபடி ஆரஞ்சு நிறம் வரும்வரை வறுத்தெடுக்க வேண்டும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

சான்றிதழ், தின்பண்டம்

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஐந்து நகல். மூலத்தைச் சேர்க்கை வேலை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பளபளப்பான பிவிசி உறையில் வைத்த நகலின் எழுத்து இந்தப் புழுக்கத்தில் உறையோடு ஒட்டி உரிந்து வரும். பாலிபுரொப்பிலீன் ஃபைல் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்ளர் முள் வேண்டாம், பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள்.

தின்பண்டத்தில் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் ரப்பர் வளையம் வைத்த டப்பாவில் நன்றாக இருக்கும், ஈரக்கரண்டி படாதவரை. ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். முறுக்கு, தட்டை இரண்டே நாளில் நமுத்துப்போகும், சிறு சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். ஊறுகாய்க்குக் கண்ணாடி பாட்டில். கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும், கோடையில் மட்டும் கொடுத்தனுப்புங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து அவசியம். அதை நல்ல தண்ணீரில்தான் கலக்க வேண்டும், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு மாறக் கூடாது.

கீழக்கரைக்கும் தொண்டிக்கும் ரயில் கிடையாது. ராமநாதபுரத்தில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும் என்பதால், இரண்டு கைக்கும் முதுகுக்கும் அடங்கும் சாமானோடு போங்கள். வாளி, குவளை, பாய், கயிறு, மெத்தை எல்லாம் ராமநாதபுரம் அரண்மனைப் பகுதிக் கடைகளிலேயே கிடைக்கும். வீட்டிலிருந்து கட்டாயம் எடுத்துப்போக வேண்டியவை துணி, காகிதம், மருந்து, மின்சாமான் அவ்வளவுதான்.

நீண்ட விடுமுறைக்கு அறையைப் பூட்டும் முன் மெத்தையை நிமிர்த்தி, வலையை அவிழ்த்து மடித்து, வாளியைக் கவிழ்த்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, அலமாரித் துணிக்கு இடையில் காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் போடுங்கள். பூட்டுக்குப் பென்சில் தேய்க்கவும். மாற்றுச் சாவி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.