ஜெராக்ஸில் கறுப்புக் கோடு: பிளேடு மாற்றுவதா, ட்ரம் மாற்றுவதா?

சேலத்தில் எங்கள் ஆபீஸ் மிஷினில் தாளின் நீளவாக்கில் கறுப்புக் கோடு விழ ஆரம்பித்ததும், ட்ரம், அதாவது தாளில் படத்தைப் பதிக்கும் உருளை, போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவசரப்பட வேண்டாம். கணினியிலிருந்து ஒரு பிரிண்ட் எடுங்கள். அதில் கோடு இல்லை, மேலே தாளை இழுக்கும் ஃபீடரில் வைத்தால் மட்டும் வருகிறது என்றால், அங்குள்ள ஒடுக்கமான கண்ணாடியில் அழுக்கு. ஈரத்துணியே போதும்.

பிரிண்டிலும் வந்தால்தான் இந்தக் கேள்வி. பிளேடு என்பது ட்ரம்மில் மிஞ்சும் டோனரை (மைப்பொடியை) வழிக்கும் ரப்பர் பட்டை. அதன் விளிம்பு தேய்ந்தாலோ, பிசிறு சிக்கினாலோ கோடு விழும். ட்ரம் வழவழப்பாக இருந்தால் பிளேடை மட்டும் மாற்றுவதே என் தேர்வு. செலவு மிகக் குறைவு. புதுப் பிளேடின் விளிம்பில் கொஞ்சம் டோனர் தூவ மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மடங்கிக்கொள்ளும். கழற்றிய ட்ரம்மை வெளிச்சத்தில் வைக்காமல் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

ட்ரம்மில் கீறல் தெரிந்தால் பிளேடு உதவாது. ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதும் அப்படித்தான்: 30 மி.மீ. விட்டமுள்ள ட்ரம் என்றால் சுமார் 94 மி.மீ.க்கு ஒரு முறை. அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அப்புறம், ஏற்காட்டில் மழைக்காலத்தில் திட்டுத்திட்டாக வெளுத்து விழுந்தால், முதலில் ஈரம் குடித்த தாளை மாற்றிப் பாருங்கள்.