9-ஐ விட 7 கம்மி என்று நம்பி கார் லோன் எடுத்த கதை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் போய் வருகிறவன் நான். போக வர 100 கிலோமீட்டர். பஸ்ஸில் நின்று நின்று முதுகு போனதால் 2022 ஆடி ஆஃபரில் ஒரு கார் எடுத்தேன். ஷோரூம் பெயர் இங்கே வேண்டாம்.

விற்பனைப் பையன் தங்கமாகப் பேசினான். பேங்கில் 9 சதவீதம் சொன்னார்கள் என்றதும் கொட்டேஷன் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் இரண்டு கட்டம் வரைந்தான். ஒன்றில் 9. இன்னொன்றில் ஷோரூம் வழியாக எடுத்தால் வரும் 7, அதைச் சுற்றி இரண்டு வட்டம். "எதுண்ணா கம்மி? நீங்களே சொல்லுங்க." என்ன சொல்வது? தலையாட்டினேன். 6 லட்சம் கடன், 5 வருடம், மாதம் 13,500.

மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினேன். போன வருடம் சீட்டுப் பணம் வந்தது, கடனை முடித்துவிடலாம் என்று லோன் கொடுத்தவர்களிடம் கேட்டேன். ஐந்தில் மூன்று பங்கு முடிந்தது, 2,40,000 இருக்கும் என்பது என் கணக்கு. அவர்கள் சொன்னது 2,85,000-க்கு மேல். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் தனி.

பேங்கில் வேலை பார்க்கும் மச்சானிடம் தாளைக் காட்டினேன். பார்த்ததுமே, "மாமா, இது ஃப்ளாட் ரேட்" என்றார். கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழு 6 லட்சத்துக்கே. வருடம் 42,000, ஐந்து வருடத்துக்கு 2,10,000. பேங்க் சொன்ன 9 மீதிக் கடனுக்கு மட்டும் போடும் வட்டி. அந்த முறையில் பார்த்தால் என்னுடைய 7 கிட்டத்தட்ட 12.5. பேங்கில் எடுத்திருந்தால் மாதம் 12,455 தான். அன்றைக்கு சதவீதத்தை விட்டுவிட்டு, "மாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு" என்று இரண்டு இடத்திலும் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். வட்டிக்கு விடுகிறவர் வீட்டுத் திண்ணையில் கேட்கத் தெரிந்த கேள்வி, ஏசி ரூமில் வரவில்லை.

வாரண்டி இன்னொரு கூத்து. கம்பெனி தருவது 3 வருடம். 15,000 கூடக் கட்டினால் 5 வருடம் என்றான், அதையும் லோனிலேயே சேர்த்துவிட்டான். மூன்று வருடம் தாண்டி இரண்டு மாதத்தில் ஏசி கம்ப்ரஸர் போனது. சர்வீஸில் மீட்டரைப் பார்த்தார்கள்: 1,04,000. கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். நான் காசு கொடுத்து வாங்கியது 5 வருடம் அல்லது அதே 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வருடம் நீண்டது, கிலோமீட்டர் நீளவில்லை. தினம் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்று அந்தப் பையனிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். கம்ப்ரஸருக்கு 31,000 கைக்காசு போட்டேன்.

ஷோரூமில் போய்க் கேட்டதற்கு, "கையெழுத்து உங்களுதுதானே சார்?" என்றார்கள். அண்ணா போய் சார் ஆகிவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.

2024 அக்டோபர் 1 முதல் கடன் கொடுப்பவர்கள், எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான வருட வட்டியை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி புத்தகத்தில் கிலோமீட்டர் வரியையும், எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தையும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட் போலத் தேயும் சாமான் பொதுவாக அதில் சேராது. தொப்பூர் கணவாயில் அடிக்கடி ஏறி இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வாங்குவது நல்லது.

எங்கள் ஷிஃப்டில் ஒரு தம்பி அடுத்த மாதம் கார் எடுக்கிறான். இரண்டு வட்டம் போட்ட அந்தத் தாள் இப்போது அவனிடம்தான் இருக்கிறது.